ஆர் மொழியில் தரவுச்சட்டத்தின் மீது இயக்கும் கோவை தவறும்போது: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

புள்ளியியல் கணிப்புக்கான ஆர் (R) நிரல் மொழியில் தரவுச்சட்டத்தின் (data frame, அட்டவணை வடிவத் தரவு) நெடுவரிசைகளைப் பெயர் சொல்லி அழைத்து ஒரு கோவையை (expression, கணக்கிடச் சொல்லும் நிரல் தொடர்) இயக்கும்போது எழும் கோளாறுகள் எண்ணிக்கையில் சிலவே. ஆனால் அந்தச் சிலவே திரும்பத் திரும்ப வருகின்றன. பிறர் எழுதிய ஸ்கிரிப்டுகளைத் திருத்திக் கொடுக்கும் வேலையில் நான் அடிக்கடி சந்தித்தவற்றை, திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்துப் பிரித்து இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் நொடியில் பார்த்துவிடக்கூடிய காரணம் முதலிலும், ஸ்கிரிப்டையே மாற்றி எழுத வைக்கும் காரணம் கடைசியிலும் வரும். பிழைச்செய்தியோடு நின்றுவிடும் கோவையால் நேரம் மட்டுமே வீணாகும். நிற்காமல் ஓடி, நம்பத்தக்க தோற்றத்தோடு தவறான எண்ணைத் தரும் கோவையால் ஆய்வே வீணாகும். ஆகவே அவ்வகைக் கோளாறுகளை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் சொல்லியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகளுக்கெல்லாம் ஆர் மொழியுடனேயே வரும் ‘ஏர்குவாலிட்டி’ தரவுச்சட்டத்தைப் பயன்படுத்துகிறேன். 1973ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க் நகரில் நாள்தோறும் எடுத்த காற்று அளவீடுகள் இவை: ரூஸ்வெல்ட் தீவில் அளந்த ஓசோன், சென்ட்ரல் பார்க்கில் அளந்த சூரியக் கதிர்வீச்சு, லகுவார்டியா விமான நிலையத்தில் பதிவான காற்றின் வேகமும் அன்றைய உச்ச வெப்பநிலையும். மொத்தம் 153 வரிசைகள், ‘ஓசோன்’, ‘சோலார்.ஆர்’, ‘விண்ட்’, ‘டெம்ப்’, ‘மந்த்’, ‘டே’ என ஆறு நெடுவரிசைகள். எதையும் தரவிறக்காமல் நீங்களும் உடனே இயக்கிப் பார்க்கலாம். கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கன்சோலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பிசகாமல், தட்ட வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று கட்டளைகளை இயக்கிவிடுங்கள். ‘நேம்ஸ்’ நெடுவரிசைப் பெயர்களைக் காட்டும். ‘எஸ்டிஆர்’ ஒவ்வொரு நெடுவரிசையின் வகையைக் காட்டும். ‘என்ரோ’ வரிசை எண்ணிக்கையைச் சொல்லும். என்னிடம் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றின் விடையைக் கவனமாகப் படித்தாலே பிடிபட்டுவிடுகின்றன. இவற்றோடு ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: ‘வித்’, ‘விதின்’, ‘சப்செட்’, ‘டிரான்ஸ்ஃபார்ம்’ ஆகியவை ஒரு பெயரை முதலில் தரவுச்சட்டத்தின் நெடுவரிசைகளில் தேடும், அங்கே கிடைக்காவிட்டால் வெளியே, அந்தக் கட்டளை தரப்பட்ட இடத்தில் தேடும்.

அறிகுறி 1: ‘ஆப்ஜெக்ட் நாட் ஃபவுண்ட்’ என்று நின்றுவிடுகிறது

பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா?

‘நேம்ஸ்’ காட்டும் பெயரை நகலெடுத்துக் கோவையில் ஒட்டி இயக்குங்கள். ஓடிவிட்டால் எழுத்துப்பிழைதான் காரணம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் ஓடவில்லையென்றால், பெயரின் இறுதியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கலாம். ‘நேம்ஸ்’ கட்டளையை ‘டிபுட்’ கட்டளைக்குள் வைத்து இயக்கினால் பெயர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக மேற்கோள் குறிகளுக்குள் அச்சாகும். மறைந்திருக்கும் இடைவெளி அப்போது வெளிப்படும். எக்செல் கோப்பிலிருந்து வந்த தரவில் இது சாதாரணம். ‘ரீட்.சிஎஸ்வி’ கட்டளை பெயரில் உள்ள இடைவெளிகளைப் புள்ளிகளாக மாற்றிவிடும் என்பதையும் கவனியுங்கள். இடைவெளியை அப்படியே வைத்திருக்கும் வேறு கட்டளையால் தரவை ஏற்றியிருந்தால், பெயரைச் சாய்ந்த ஒற்றை மேற்கோளுக்குள், அதாவது பேக்டிக் குறிகளுக்குள், எழுத வேண்டும்.

முதல் நெடுவரிசையின் பெயர் மட்டும் தொடக்கத்தில் விநோதமான எழுத்துகளோடு தெரிந்தால், கோப்பின் தலைப்பில் உள்ள பைட் வரிசைக் குறி பெயரோடு சேர்ந்துவிட்டது என்று பொருள். ஏற்றும்போது ‘ஃபைல்என்கோடிங்’ அளபுருவுக்கு (கட்டளைக்குள் தரும் உள்ளீட்டுக்கு) ‘யுடிஎஃப்-8-பிஓஎம்’ என்ற மதிப்பைக் கொடுத்து மறுபடி ஏற்றுங்கள்.

அந்தக் கட்டளைக்குத் தரவுச்சட்டம் தெரியுமா?

நேர்கோட்டு மாதிரியைப் பொருத்தும் ‘எல்எம்’ கட்டளைக்கு ‘டேட்டா’ என்ற அளபுரு இருப்பதால் சராசரி காணும் ‘மீன்’ கட்டளைக்கும் இருக்கும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அதற்கு அப்படி ஓர் அளபுரு இல்லை. ‘மீன்(ஓசோன், டேட்டா = ஏர்குவாலிட்டி)’ என்று எழுதினால் ஓசோன் கிடைக்கவில்லை என்றே விடை வரும். ‘வித்(ஏர்குவாலிட்டி, மீன்(டெம்ப்))’ என்று எழுதுங்கள், 77.88 ஃபாரன்ஹீட் என்ற விடை கிடைக்கும்.

அழைக்கப்படுவது நீங்கள் நினைக்கும் கட்டளைதானா?

‘ஃபில்டர்’ கட்டளையில் நெடுவரிசை கிடைக்கவில்லை என்று வந்தால், தரவைக் கையாளும் கூடுதல் கட்டளைகளின் தொகுப்பான ‘டீப்ளையர்’ பேக்கேஜ் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றப்படாதபோது ஆர் மொழியுடன் வரும் ‘ஸ்டாட்ஸ்’ பேக்கேஜில் உள்ள அதே பெயருடைய, காலத்தொடர்களுக்கான கட்டளை இயங்குகிறது. அதற்கு உங்கள் நெடுவரிசைகளைப் பற்றி எதுவும் தெரியாது. ‘செலக்ட்’ கட்டளையில் ‘அன்யூஸ்ட் ஆர்க்யுமென்ட்’ என்ற செய்தி வந்தால் ‘மாஸ்’ பேக்கேஜ் பின்னால் ஏற்றப்பட்டு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: பேக்கேஜின் பெயரையும் இரட்டை முக்காற்புள்ளியையும் முன்னால் சேர்த்து, ‘டீப்ளையர்::செலக்ட்’ என்பது போல முழுமையாக எழுதுங்கள்.

மாதிரி வாய்பாடு வெளியிலிருந்து வந்ததா?

‘எல்எம்’ கட்டளை ஒரு செயற்கூறுக்குள் (function, நாமே எழுதிய கட்டளைக்குள்) இருந்து, அதன் வாய்பாடு வெளியே உருவாக்கப்பட்டிருந்தால், ‘வெயிட்ஸ்’ அளபுருவுக்கு நீங்கள் உள்ளே உருவாக்கிய மாறி கிடைக்காமல் போகும். ஆர் அதைத் தரவுச்சட்டத்திலும், பிறகு வாய்பாடு பிறந்த சூழலிலும்தான் தேடுகிறது. அந்த எடைகளைத் தரவுச்சட்டத்திலேயே ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துவிடுவதே நேர்வழி.

அறிகுறி 2: விடை ‘என்ஏ’ என்று வருகிறது

‘வித்(ஏர்குவாலிட்டி, மீன்(ஓசோன்))’ என்று கேட்டால் ‘என்ஏ’ (NA, மதிப்பு விடுபட்டது) என்றே விடை வரும். ஏனெனில் 153 நாள்களில் 37 நாள்களுக்கு ஓசோன் அளவு பதிவாகவில்லை. விடுபட்டவற்றை ஒதுக்கச் சொல்லும் ‘என்ஏ.ஆர்எம் = ட்ரூ’ என்பதைச் சேர்த்தால் 42.13 கிடைக்கும். மாதவாரியாகச் சராசரி காண ‘டிஆப்ளை’ கட்டளையைப் பயன்படுத்தினால் ஐந்து மாதங்களுக்கும் ‘என்ஏ’ வரும். ஏனெனில் விடுபட்ட நாள் இல்லாத மாதமே இதில் இல்லை.

விடுபட்டவற்றைக் கண்டுபிடிக்க ‘ஓசோன் == என்ஏ’ என்று எழுதியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அந்த ஒப்பீட்டின் விடை எப்போதும் ‘என்ஏ’ மட்டுமே. ‘ஈஸ்.என்ஏ(ஓசோன்)’ என்றுதான் எழுத வேண்டும்.

‘ஆர்க்யுமென்ட் ஈஸ் நாட் நியூமெரிக்’ என்ற எச்சரிக்கையோடு ‘என்ஏ’ வந்தால் காரணம் வேறு: சராசரி காணச் சொன்ன நெடுவரிசை எண்வகையே அல்ல, அல்லது அந்தப் பெயரில் நெடுவரிசையே இல்லை. டாலர் குறியிட்டு இல்லாத நெடுவரிசையை அழைத்தால் ஆர் பிழை காட்டாது. வெறுமை மதிப்பான ‘நல்’ என்பதைத் திருப்பித் தரும். அதன் சராசரி ‘என்ஏ’ ஆகிவிடும். இதற்கு அறிகுறி 6ஐப் பாருங்கள்.

இங்கே ஒரு நிறுத்தம் தேவை. ‘என்ஏ.ஆர்எம்’ சேர்த்து எண் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். மாதவாரியாக விடுபட்டவற்றை எண்ணிப் பாருங்கள்: மே 5, ஜூன் 21, ஜூலை 5, ஆகஸ்ட் 5, செப்டம்பர் 1. ஜூன் மாதத்துக்குக் கிடைக்கும் 29.44 என்ற சராசரி முப்பது நாள்களின் சராசரி அன்று, ஒன்பது நாள்களின் சராசரி. அதை ஜூலையின் 59.12 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரே அட்டவணையில் வைக்கலாமா என்பது நிரல் எழுதுபவர் தீர்மானிக்கும் விஷயமே அல்ல. விடுபட்டவை ஓர் இடத்தில் குவிந்திருப்பதைக் கண்டவுடன் புள்ளியியலாளரிடம் செல்லுங்கள். இந்த வழிமுறை முழுவதிலும் மிக முன்னதாகவே வல்லுநரை அழைக்க வேண்டிய இடம் இதுதான்.

அறிகுறி 3: பிழை இல்லை, ஆனால் எண் பொருந்தவில்லை

அந்தப் பெயர் தரவுச்சட்டத்துக்கு வெளியிலிருந்து வருகிறதா?

கன்சோலில் நீங்கள் முன்பு ‘செல்சியஸ்’ என்ற தனி மாறியில் 153 நாள்களின் வெப்பநிலையையும் செல்சியஸ் அளவில் கணக்கிட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். பிறகு ஆகஸ்ட் மாதத்தை மட்டும் ‘ஆகஸ்ட்’ என்ற தரவுச்சட்டமாகப் பிரித்து, ‘வித்(ஆகஸ்ட், மீன்(செல்சியஸ்))’ என்று கேட்கிறீர்கள். விடை 25.5 என்று வரும். ஆகஸ்ட் மாதத்தின் உண்மையான சராசரியோ 28.9. ‘ஆகஸ்ட்’ தரவுச்சட்டத்தில் அப்படி ஒரு நெடுவரிசை இல்லாததால், ஆர் வெளியே போய் ஐந்து மாத மாறியை எடுத்துவந்து, ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் சராசரி கண்டுவிட்டது. 25.5 டிகிரி என்பது நியூயார்க்கின் ஆகஸ்ட் மாதத்துக்கு ஒவ்வாத எண்ணாகவும் தோன்றாது. ஆகவே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சோதனை எளிது. ஆர் அமர்வை முற்றிலும் மூடி, பழைய பணிச்சூழலை மீட்டெடுக்காமல் புதிதாகத் திறந்து, ஸ்கிரிப்டை முதல் வரியிலிருந்து இயக்குங்கள். இப்போது ‘ஆப்ஜெக்ட் நாட் ஃபவுண்ட்’ என்று நின்றால் மகிழுங்கள். மறைந்திருந்த பிழை வெளியே வந்துவிட்டது. மூடும்போது பணிச்சூழலைச் சேமிக்கட்டுமா என்று ஆர் கேட்கும் கேள்விக்கு எப்போதும் வேண்டாம் என்றே விடை சொல்லுங்கள். நான் திருத்திக் கொடுக்கும் ஒவ்வொரு ஸ்கிரிப்டோடும் சேர்த்துச் சொல்லும் அறிவுரை இது. ஸ்கிரிப்டே அந்த மாறியை உருவாக்குவதால் புதிய அமர்விலும் பிழை வரவில்லையென்றால், கோவையில் வரும் ஒவ்வொரு பெயரும் ‘நேம்ஸ்’ பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

‘அட்டாச்’ எங்காவது இருக்கிறதா?

‘சர்ச்’ கட்டளையை இயக்குங்கள். பேக்கேஜ்களின் பெயர்களுக்கு இடையே உங்கள் தரவுச்சட்டத்தின் பெயரும் தெரிந்தால், யாரோ ‘அட்டாச்’ செய்திருக்கிறார்கள், அதாவது நெடுவரிசைகளை வெறும் பெயரால் அழைக்கும்படி இணைத்திருக்கிறார்கள். ‘அட்டாச்’ தருவது தரவுச்சட்டத்தின் நகல். பிறகு தரவுச்சட்டத்தைத் திருத்தினாலும் அந்த நகல் மாறாது. காலையில் இணைத்த தரவில் மதியம் பத்து வரிசைகளை நீக்கினால், வெறும் பெயரால் அழைக்கும்போது நீக்கப்படாத பழைய எண்களே வரும். ‘டிடாச்’ செய்துவிட்டு, ஸ்கிரிப்டிலிருந்து அந்த வரியை அழித்துவிட்டு, தேவையான இடங்களில் ‘வித்’ சேருங்கள். சில நூறு வரிகள் கொண்ட ஸ்கிரிப்டில் இதற்கு அரை நாள் பிடிக்கலாம். ஆயினும் செய்தே ஆக வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே பெயரா?

மாதத்தைக் கொடுத்தால் அந்த மாதத்தின் ஓசோன் சராசரியைத் தரும் செயற்கூறு ஒன்றை எழுதுகிறீர்கள். அளபுருவின் பெயரும் இயல்பாகவே ‘மந்த்’ என்று அமைந்துவிடுகிறது. உள்ளே ‘சப்செட்(ஏர்குவாலிட்டி, மந்த் == மந்த்)’ என்று இருக்கிறது. 8 என்று கொடுத்தால் 59.96 வர வேண்டும், ஆனால் 42.13 வருகிறது. 5 என்று கொடுத்தாலும் 42.13தான். இரண்டு பக்கமும் உள்ள பெயரை ஆர் நெடுவரிசை என்றே எடுத்துக்கொள்வதால், ஒவ்வொரு வரிசையும் தன்னோடு தானே ஒப்பிடப்பட்டு, 153 வரிசைகளும் தேறிவிடுகின்றன. மாதம் என்ற இடத்தில் நோயாளி எண்ணையோ கணக்கு எண்ணையோ வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு உரிய பதிவுகளை மட்டும் எடுக்க வேண்டிய கோவை எல்லோருடைய பதிவுகளையும் எடுத்துவிடும்.

அளபுருவின் பெயரை ‘வேண்டிய_மாதம்’ என்ற பொருளில், நெடுவரிசைகளில் இல்லாத ஒன்றாக மாற்றுவதே விரைவான தீர்வு. ‘டீப்ளையர்’ பயன்படுத்துபவர்கள் நெடுவரிசைக்கு ‘.டேட்டா$’ என்றும், வெளிமாறிக்கு ‘.என்வ்$’ என்றும் முன்னொட்டுச் சேர்த்து எழுதலாம். எது எங்கிருந்து வருகிறது என்பது படிப்பவருக்கும் விளங்கும். சோதனையாக, வெவ்வேறு இரண்டு மதிப்புகளைக் கொடுத்துப் பார்த்து விடைகள் மாறுகின்றனவா என்று உறுதி செய்யுங்கள்.

அறிகுறி 4: வரிசை எண்ணிக்கை கூடுகிறது அல்லது குறைகிறது

எல்லா வரிசைகளும் திரும்ப வருகின்றன

‘சப்செட்(ஏர்குவாலிட்டி, மந்த் = 5)’ என்று ஒற்றைச் சமக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைக் குறி இட்டால் அது நிபந்தனையாகக் கருதப்படாமல், தேவையற்ற ஓர் அளபுருவாக ஒதுக்கப்பட்டு, 153 வரிசைகளும் அப்படியே வரும். ஆர் மொழியின் அண்மைப் பதிப்புகள் ஓர் எச்சரிக்கை வரி காட்டுகின்றன. பழைய பதிப்புகளில் அதுவும் இராது. ‘டீப்ளையர்’ பேக்கேஜின் ‘ஃபில்டர்’ இதே தவறைப் பிழைச்செய்தியோடு தடுத்து நிறுத்திவிடும். சமக்குறி சரியாக இருந்தும் எல்லாம் வந்தால், மேலே சொன்ன ஒரே பெயர்க் கோளாறுக்குத் திரும்புங்கள்.

வெற்று வரிசைகள் சேர்ந்து வருகின்றன

ஓசோன் 100ஐத் தாண்டிய நாள்கள் இந்தத் தரவில் ஏழு. ‘சப்செட்’ ஏழு வரிசைகளையே தரும். அதே நிபந்தனையைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் 44 வரிசைகள் வரும். கூடுதலான 37 வரிசைகள் முழுக்க முழுக்க ‘என்ஏ’ நிரம்பியவை. விடுபட்ட மதிப்பை ‘சப்செட்’ பொய் என்று கொண்டு விலக்கிவிடுகிறது. சதுர அடைப்புக்குறியோ தெரியாது என்பதைத் தெரியாததாகவே வைத்து வெற்று வரிசையாகத் தருகிறது. சதுர அடைப்புக்குறிதான் வேண்டுமென்றால் நிபந்தனையை ‘விச்’ கட்டளைக்குள் வையுங்கள். மாறாக, விடுபட்ட 37 நாள்கள் உங்கள் கேள்விக்கு முக்கியமானவை என்றால், ‘சப்செட்’ அவற்றைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டது என்பதை மறக்க வேண்டாம்.

குறைவான வரிசைகள் வருகின்றன

எனக்கு மிகவும் கவலை தரும் கோளாறு இது. மே, ஜூன், ஜூலை ஆகிய மூன்று மாதங்களின் வரிசைகள் வேண்டும் என்று ‘மந்த் == சி(5, 6, 7)’ என்று எழுதுகிறார்கள். 92 வரிசைகள் வர வேண்டும், 31 வருகின்றன. பிழை இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஆர் இங்கே முதல் வரிசையை 5 உடனும், இரண்டாவதை 6 உடனும், மூன்றாவதை 7 உடனும், நான்காவதை மறுபடி 5 உடனும் என்று சுழற்றிச் சுழற்றி ஒப்பிடுகிறது. மே மாதத்தில் 11, ஜூனில் 10, ஜூலையில் 10 என்று மூன்றில் ஒரு பங்கு நாள்களே தேறுகின்றன. 153 என்பது மூன்றால் மீதியின்றி வகுபடுவதால் எச்சரிக்கையும் எழவில்லை. இரண்டு மாதங்களை மட்டும் கொடுத்திருந்தால் ‘லாங்கர் ஆப்ஜெக்ட் லெங்த்’ என்று தொடங்கும் எச்சரிக்கை வந்திருக்கும்; மூன்று கொடுத்ததால் வரவில்லை. மூன்று மாதங்களிலிருந்தும் வரிசைகள் இருப்பதால் விடையை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கும் ஐயம் எழாது.

‘மந்த் %இன்% சி(5, 6, 7)’ என்று மாற்றினால் 92 வரிசைகளும் வந்துவிடும். ஓர் ஆய்வேட்டின் அட்டவணைகளைச் சரிபார்த்துக் கொடுத்தபோது இந்த ஒரே குறியால் நான்கு அட்டவணைகளை மறுபடி கணக்கிட நேர்ந்ததைக் கண்டேன். ஏடு அச்சுக்குப் போகும் முன்பே அகப்பட்டது என்பது மட்டுமே ஆறுதல். அன்றிலிருந்து, எந்த ஸ்கிரிப்ட் கைக்கு வந்தாலும் ‘== சி(’ என்ற எழுத்துத் தொடரைத் தேடிப் பார்ப்பதே என் முதல் வேலை. உங்கள் பழைய ஸ்கிரிப்டுகளிலும் இன்றே தேடிப் பாருங்கள்.

இரண்டு நிபந்தனைகளை இணைக்க இரட்டை உம்மைக்குறி (&&) இட்டிருந்தால் ஒற்றைக் குறியாக (&) மாற்றுங்கள். 4.3.0 பதிப்பு முதல் இரட்டைக் குறி நெடுவரிசைகளின் மீது பிழையாகவே நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் முதல் வரிசையை மட்டும் பார்த்து முடிவு சொல்லிவிடும் வழக்கம் இருந்தது.

அறிகுறி 5: புதிதாகக் கணக்கிட்ட நெடுவரிசை மறைந்துவிடுகிறது

‘வித்’ கட்டளைக்குள் அம்புக்குறியிட்டு ஒரு மாறியை உருவாக்கினால், கட்டளை முடிந்தவுடன் அந்த மாறியும் மறைந்துவிடும். நெடுவரிசையாகச் சேர வேண்டுமென்றால் ‘விதின்’ அல்லது ‘டிரான்ஸ்ஃபார்ம்’ பயன்படுத்துங்கள். இவ்விரண்டும் மூலத் தரவுச்சட்டத்தைத் தொடுவதில்லை, மாற்றிய நகலைத் திருப்பித் தருகின்றன; ஆகவே விடையை ஒரு பெயரில் சேமிக்காவிட்டால் திரையில் ஓடிப்போவதோடு சரி. ‘டீப்ளையர்’ பேக்கேஜின் ‘மியூட்டேட்’ கட்டளைக்கும் இது பொருந்தும்.

‘டிரான்ஸ்ஃபார்ம்’ கட்டளையில் ஒரே அழைப்பில் உருவாக்கிய நெடுவரிசையை அதே அழைப்பில் அடுத்த கோவையில் பயன்படுத்த முடியாது; ‘விதின்’, ‘மியூட்டேட்’ இரண்டிலும் முடியும். ‘விதின்’ சேர்க்கும் புதிய நெடுவரிசைகள் நீங்கள் எழுதியதற்குத் தலைகீழான ஒழுங்கில் வந்து சேர்வதும் பழுதன்று. ஆனால் நெடுவரிசைகளை எண்ணால் அழைக்கும் வழக்கம் உள்ளவர்கள் இங்கே தடுமாறுவார்கள், பெயரால் அழையுங்கள்.

அறிகுறி 6: கன்சோலில் ஓடுகிறது, செயற்கூறுக்குள் ஓடவில்லை

நெடுவரிசையின் பெயரை ஒரு மாறியில் வைத்து, தரவுச்சட்டத்தின் பெயருக்குப் பின் டாலர் குறியிட்டு அந்த மாறியை எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். டாலர் குறி அந்த மாறிக்குள் இருக்கும் பெயரைப் பார்க்காது. மாறியின் பெயரிலேயே நெடுவரிசையைத் தேடி, இல்லாததால் ‘நல்’ தரும். இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் அந்த மாறியை வைத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று: டாலர் குறி சாதாரணத் தரவுச்சட்டத்தில் அரைகுறைப் பெயரையும் ஏற்கும். ‘ஓசோன்’ என்பதன் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் எழுதினாலும் நெடுவரிசை கிடைக்கும். இன்று ஓடும் அந்த வரி, அதே எழுத்துகளில் தொடங்கும் வேறொரு நெடுவரிசை நாளை சேர்ந்தால் ‘நல்’ தந்துவிடும். ‘ஆப்ஷன்ஸ்’ கட்டளையில் ‘வார்ன்பார்ஷியல்மேட்ச்டாலர்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கி வைத்தால் எச்சரிக்கை கிடைக்கும்.

அடுத்து, செயற்கூறுக்குள் ‘வித்’ அல்லது ‘சப்செட்’ இருந்து, நெடுவரிசையின் பெயர் அளபுருவாக வருகிறதா என்று பாருங்கள். பெயரை மேற்கோள் குறி இல்லாமல் அனுப்பினால் ‘நாட் ஃபவுண்ட்’ வரும். மேற்கோள் குறியோடு அனுப்பினால் அந்தச் சொல்லுக்கே சராசரி காண முயன்று, எச்சரிக்கையோடு ‘என்ஏ’ வரும். ‘சப்செட்’ கட்டளையின் உதவிப் பக்கமே, அது கன்சோலில் நேரடியாகப் பயன்படுத்துவதற்கான வசதி என்றும், நிரலுக்குள் சதுர அடைப்புக்குறி போன்ற முறையான வழியே நல்லது என்றும் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை அப்படியே பின்பற்றுங்கள்: செயற்கூறுக்குள் இரட்டைச் சதுர அடைப்புக்குறி, மேற்கோளிட்ட பெயர். ‘டீப்ளையர்’ கட்டளைகளைச் செயற்கூறுக்குள் வைப்பவர்கள், மேற்கோளில்லாப் பெயரை அளபுருவாகப் பெற்றால் அதை இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் இட வேண்டும். மேற்கோளிட்ட பெயரைப் பெற்றால் ‘.டேட்டா’ என்பதற்குப் பின் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட வேண்டும்.

‘ஈவல்’, ‘சப்ஸ்டிட்யூட்’, ‘பேரன்ட்.ஃப்ரேம்’ ஆகியவற்றைக் கொண்டு யாரோ கட்டிவைத்த செயற்கூறு, வேறொரு செயற்கூறுக்குள் இருந்து அழைத்தால் மட்டும் தவறுகிறது என்றால், நீங்களாகத் திருத்த முயல வேண்டாம். எந்தச் சூழலில் எது தேடப்படுகிறது என்பதை அறிந்த நிரலரிடம் கொடுங்கள். அல்லது அதைக் கைவிட்டுப் பெயரை மேற்கோளோடு பெறும் எளிய செயற்கூறாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். நான் பெரும்பாலும் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்.

அறிகுறி 7: எண்ணாகத் தெரிகிறது, எண்ணாக நடந்துகொள்ளவில்லை

‘நான்-நியூமெரிக் ஆர்க்யுமென்ட்’ என்ற பிழை வந்தாலோ, 100ஐ 56க்கு முன்னால் வரிசைப்படுத்தினாலோ, ‘எஸ்டிஆர்’ கட்டளையில் அந்த நெடுவரிசையின் வகையைப் பாருங்கள். எழுத்துவகை என்று இருந்தால், ஆயிரத்தைப் பிரிக்கும் காற்புள்ளியோ, விடுபட்டதைக் குறிக்க யாரோ இட்ட சிறு கோடோ முழு நெடுவரிசையையும் எழுத்தாக மாற்றியிருக்கும். ‘ஆஸ்.நியூமெரிக்’ கட்டளையால் மாற்றிப் பார்த்து, மாற்றத்துக்குப் பின் புதிதாக ‘என்ஏ’ ஆன வரிசைகளை மட்டும் தனியே எடுத்தால் குற்றவாளி மதிப்புகள் கண்முன் நிற்கும்.

ஃபேக்டர் (வகைப் பெயர்களை எண்களாகக் குறித்து வைக்கும் நெடுவரிசை) வகை என்று இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ‘ஆஸ்.நியூமெரிக்’ நேரடியாக இயக்கினால் உண்மை மதிப்புகள் வராமல் 1, 2, 3 என்று வகை எண்கள் வரும், முதலில் ‘ஆஸ்.கேரக்டர்’, பிறகு ‘ஆஸ்.நியூமெரிக்’ என்று இரண்டு படிகளாக மாற்றுங்கள். 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்புக்கு முன்பு, ஏற்றும் கோப்பின் எழுத்து நெடுவரிசைகளெல்லாம் இயல்பாகவே ஃபேக்டராக மாறின. ஆகவே அதற்கு முன் எழுதிய ஸ்கிரிப்டை இன்று இயக்கும்போது விடை மாறினால் ஐயப்பட வேண்டிய முதல் இடம் இது.

வகை எண்ணாகவே இருந்தும் சராசரி விபரீதமாக இருந்தால் ‘ரேஞ்ச்’ இயக்குங்கள். ‘டெம்ப்’ 56 முதல் 97 வரை இருக்க வேண்டிய இடத்தில் −99 அல்லது 999 தெரிந்தால், அது விடுபட்டதற்கான குறியீடு. அந்தக் குறியீட்டின் பொருளைத் தரவைச் சேகரித்தவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் ‘என்ஏ’ ஆக மாற்ற வேண்டாம்.

அறிகுறி 8: குழுவாகப் பிரித்தும் ஒரே வரி விடை

‘குரூப்_பை’ இட்டு ‘சம்மரைஸ்’ செய்தும் ஐந்து மாதங்களுக்குப் பதில் ஒரே வரி வந்தால், ‘டீப்ளையர்’ பேக்கேஜுக்குப் பின்னால் ‘ப்ளையர்’ பேக்கேஜ் ஏற்றப்பட்டு ‘சம்மரைஸ்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் தேவையென்றால் ‘ப்ளையர்’ முன்னும் ‘டீப்ளையர்’ பின்னுமாக ஏற்றுங்கள்.

வல்லுநரிடம் போகும்போது

புதிய அமர்விலும் கோளாறு நீடித்து, மேலே உள்ள எதிலும் அடங்காமல் இருந்தால், ஒரு மணி நேரத்துக்கு மேல் தனியாகப் போராட வேண்டாம். ஏற்கெனவே வெளியிட்ட எண்களையோ, நோயாளிகளின் சிகிச்சையையோ, பணப் பட்டுவாடாவையோ அந்தக் கோவை தொட்டிருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. தவறான எண்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்ற பட்டியலையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

முழுத் தரவையும் முழு ஸ்கிரிப்டையும் அனுப்பினால் யாராலும் விரைவில் உதவ முடியாது. கோளாறு தெரியும் அளவுக்குப் பத்து வரிசைகளை மட்டும் எடுத்து, பெயர், எண் போன்ற அடையாளங்களை நீக்கி, ‘டிபுட்’ கட்டளையால் அச்சிட்டு அனுப்புங்கள். தவறும் கோவை, வந்த விடை, வர வேண்டிய விடை, ‘செஷன்இன்ஃபோ’ கட்டளை காட்டும் பதிப்பு விவரம் ஆகியவற்றையும் சேருங்கள். வர வேண்டிய விடையைக் கையால் கணக்கிட்டு எழுதுங்கள். பத்து வரிசைகளுக்குக் கணக்கிடக் காகிதமும் பேனாவும் போதும். அந்தப் பத்து வரிசைகளில் கோளாறு தெரியாமல் சரியாக ஓடிவிட்டால், நீங்கள் விட்டுவந்த வரிசைகளில்தான் காரணம் இருக்கிறது. அவற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுங்கள்.